கட்டுநாயக்காவில கார் விடுறது: திறப்பு ஆரிட்ட இருக்கோணும்?

போன மாசம் லண்டனால வந்ததில இருந்து மூண்டு பேர் கேட்டிட்டினம், காரை எங்க விட்டிட்டுப் போனனீ எண்டு. ஒவ்வொருத்தரோடயும் போனில அரை மணித்தியாலம் கதைச்சுக் களைச்சுத்தான் இதை எழுதுறன். கிளிநொச்சியில இருந்து கட்டுநாயக்கா எயாப்போட் கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர், ஏ9 றோட்டால மதவாச்சி மட்டும் போய் அனுராதபுரம், புத்தளம், சிலாபம் எண்டு இறங்கினா நீர்கொழும்பு, அங்கால எயாப்போட். கொழும்புக்காரருக்கு உது ஒரு ஊபர் விசயம், எங்களுக்கு முதல் நாள் பின்னேரமே கிளம்பிற பயணம்.

வான் ஹயருக்குப் பிடிக்கிறதைப் பற்றிப் பெருசாச் சொல்ல ஒண்டுமில்லை. அஞ்சாறு பேர் எண்டா வான்தான், யோசிக்கவே தேவையில்லை. தனி ஆள் எண்டா போக ஒரு ஹயர், வர ஒரு ஹயர், ரெண்டு தரமும் வான் ஒரு பக்கம் வெறுமையா ஓடுற காசும் எங்கட தலையில. சென்னைக்கு மட்டும் எண்டா யாழ்ப்பாணத்துப் பலாலி எயாப்போட்டால போங்கோ. 2019 ஒக்டோபரில சர்வதேச எயாப்போட்டாத் திறந்து, கொரோனாவோட நிண்டு, 2022 டிசம்பரில திரும்பத் தொடங்கி, 2024 செப்டெம்பர் 1ல இருந்து இண்டிகோவும் ஓடுது. காரைச் சுன்னாகத்தில மாமி வீட்டு முத்தத்தில விட்டிட்டு ஓட்டோவில போனா கதை முடிஞ்சுது, மாமி அதுக்கு மேல துணி காயப்போடுவா, அவ்வளவுதான் பிரச்சினை. நான் ஒருக்காத்தான் அப்பிடிப் போனனான், அதால கனக்கக் கதைக்கேல்லை.

மிச்சம் ரெண்டு. ஒண்டு, எயாப்போட்டுக்குக் கிட்ட ஆக்கள் தங்கட வளவில வாகனம் விட இடம் குடுக்கிறது. மற்றது எயாப்போட்டின்ர சொந்தப் பாக்கிங். ரெண்டிலயும் விட்டுப் பாத்திட்டன். எனக்கு ரெண்டாவதுதான், அதை இப்பவே சொல்லிப்போட்டு மிச்சத்தைச் சொல்லுறன்.

வளவு மலிவு. தென்னை நிழல் இருக்கும், டெர்மினல் வாசல் மட்டும் கொண்டுபோய் இறக்கி விடுவினம், திரும்பி வந்து கோல் எடுத்தா வந்து ஏத்துவினம். நாங்கள் போன இடத்தில பிளேன்ரீயும் தந்தவை. எல்லாம் நல்லம். ஆனா வெளிக்கிடேக்க ஒரு வசனம் சொல்லுவினம், "திறப்பைத் தந்திட்டுப் போங்கோ அண்ணை, வாகனங்களை முன்ன பின்ன எடுக்கோணும்". நியாயமான கதைதான், பத்துப் பதினைஞ்சு வாகனத்தை ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நெருக்கி விட்டா எடுக்கத்தானே வேணும். நானும் குடுத்தனான்.

அது 2023, அம்மாவின்ர கண் ஒப்பரேசனுக்கு மதுரைக்குப் போனது, 14 நாள். திரும்பி வந்து காரில ஏறினா என்ர சீற் முன்னுக்கு இழுபட்டுக் கிடக்கு, முழங்கால் ஸ்டேரிங்கில முட்டுது. ரேடியோ வேற சனலில. மீற்றரைப் போகேக்க போட்டோ எடுத்து வச்சனான், 23 கிலோமீற்றர் கூட ஓடியிருக்கு. சரி, பெடியள் கடைக்குக் கிடைக்குப் போயிருப்பினம், அதுக்குச் சண்டை பிடிக்கிற ஆள் நானில்லை. பிறகு அம்மா கண்ணுக்கு விடுற மருந்துத் துண்டை வைக்கவெண்டு டாஷ்போட் பெட்டியைத் திறந்தன்.

அதுக்குள்ள ஒரு பொலித்தீன் பை கிடக்கும், எப்பவும். காணாமல் போன அண்ணான்ர பள்ளிக்கூடக் காலத்துப் போட்டோ, செஞ்சிலுவைச் சங்கம் தந்த கடிதம், காணாமல் போனோர் அலுவலகத்துக்குக் குடுத்த படிவத்தின்ர கொப்பி, அம்மாவின்ர ஐசி (அடையாள அட்டை) கொப்பி ரெண்டு. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்டவையின்ர குடும்பங்கள் 2017 பெப்ரவரி 20ல போராட்டம் தொடங்கின நாளில இருந்து அம்மா இடைக்கிடை போய் இருக்கிறவ, எந்தக் கந்தோரில எப்ப என்ன கேப்பினம் எண்டு தெரியாது, அதால அந்தப் பை வீட்டு அலுமாரியில இல்லை, காரிலதான். அம்மா அதுக்கு றப்பர் பாண்டை ரெண்டு சுத்துச் சுத்தித்தான் போடுவா. அண்டைக்கு ஒரு சுத்துத்தான் கிடந்தது. போட்டோ முகம் குப்புற மேல கிடந்தது. ஒண்டும் களவு போகேல்லை, ஒரு துண்டு கூடக் குறையேல்லை. அம்மா ஒண்டும் கதைக்கேல்லை, எல்லாத்தையும் எடுத்து அடுக்கித் திரும்ப ரெண்டு சுத்துச் சுத்தினவ, புத்தளம் வரும் மட்டும் பையை மடியிலதான் வச்சிருந்தவ.

வளவுக்காரரைக் கேட்டன். "போன கிழமை செக்கிங் வந்தவை, எல்லாத்தையும் திறந்து காட்டச் சொன்னவை, காட்டினனாங்கள்." ஆர் வந்தது, பொலிசா, நேவியா, சிவிலா? "வந்தவை அண்ணை." பேர் ஏதும் எழுதினவையோ, துண்டு ஏதும் தந்தவையோ? இல்லை. இப்ப நான் நேர்மையாச் சொல்லோணும், ஒருத்தருமே வராமல் அங்க நிக்கிற பெடியள் சும்மா விடுப்புக்குக் கிண்டிப்போட்டு இந்தக் கதையைச் சொல்லியிருக்கவும் கூடும். எது நடந்தது எண்டு எனக்கு இண்டைக்கு மட்டும் தெரியாது. திறப்பைக் குடுத்தா வாற வினையே அதுதான், என்ன நடந்தது எண்டு கேக்கிறதுக்குக் கூட உங்களிட்ட ஒரு நுனி இருக்காது.

செக் பண்ணுறதே பிழை எண்டு நான் சொல்ல வரேல்லை. கட்டுநாயக்காவில 2001 யூலை 24ல புலிகள் அடிச்சது எல்லாருக்கும் தெரியும், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அண்டு இரவும் எயாப்போட் றோட்டில குண்டு ஒண்டு கண்டெடுத்தவை. அப்பிடி ஒரு இடத்தில வாகனத்தைப் பாக்காமல் விடுங்கோ எண்டு கேக்கேலாது. செக்கிங் எங்களுக்குப் புதுசும் இல்லை. 2002ல ஏ9 திறந்தாப்பிறகு ஓமந்தையில ஆமி செக்கிங்குக்கு எத்தினை தரம் பஸ்ஸால இறங்கி பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பம், இஞ்சால புளியங்குளத்தில மற்றப் பக்கம், புலிகளின்ர செக்கிங், ஒரே நாளில ஒரே சூட்கேசை ரெண்டு தரம் கொட்டி ரெண்டு தரம் அடுக்கோணும். அப்பா அப்ப ஒரே ஒரு விசயம் சொல்லித் தந்தவர்: பையைக் கொட்டட்டும், கிண்டட்டும், நீ மட்டும் கண்ணை எடுக்காதை. சின்ன வயசில நான் நினைச்சது, ஏதும் களவெடுத்துப் போடுவாங்கள் எண்டு சொல்லுறார் எண்டு. வளந்தாப்பிறகுதான் விளங்கினது, அவர் பயந்தது எடுக்கிறதுக்கு இல்லை, வைக்கிறதுக்கு. எங்கட பக்கத்தில ஒருத்தற்ற பையில இருந்து ஏதோ "எடுபட்டது" எண்டா பிறகு அந்த மனிசன் என்ன சொல்லியும் எடுபடாது.

அதாலதான் எனக்கு முன்னால செக் பண்ணுறதும் எனக்குப் பின்னால செக் பண்ணுறதும் ஒண்டில்லை எண்டு அடிச்சுச் சொல்லுறன். சாமான் ஒண்டுதான், கை ஒண்டுதான், ஆனா வேற விசயம்.

இந்தமுறை எயாப்போட் பாக்கிங். உள்ள போகேக்க மறிச்சவை, ஐசி, பாஸ்போட், டிக்கற் பாத்தவை, ஒரு தம்பி கண்ணாடித் தடியை வச்சுக் காருக்குக் கீழ பாத்தார், டிக்கியைத் திறக்கச் சொன்னவை, நான்தான் இறங்கித் திறந்தனான். அக்காவுக்குக் கொண்டுபோன ஒடியல் மாப் பையைத் தொட்டுப் பாத்து இது என்ன எண்டு கேட்டார், எனக்குச் சிங்களத்தில ஒடியலுக்கு என்ன எண்டு வரேல்லை, "தல்" எண்டு மட்டும் சொல்லிப் பனை மாதிரிக் கையை உயத்திக் காட்டினன், சிரிச்சுப்போட்டுப் போகச் சொன்னார். மூண்டு நிமிசம் இருக்கும். முழு நேரமும் நான் பக்கத்தில. பிறகு நானே பூட்டி, திறப்பு என்ர பொக்கற்றுக்க, லண்டன் மட்டும் வந்தது.

பூட்டின காரை ஒருத்தரும் திறக்கேலாது எண்டு அர்த்தமில்லை. 1979ல தற்காலிகம் எண்டு கொண்டுவந்து 1982ல நிரந்தரமாக்கின பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்ர 6ம் பிரிவைப் பாத்தா, பெரிய பொலிஸ் அதிகாரி ஒருத்தர், இல்லாட்டி அவர் எழுத்தில அதிகாரம் குடுத்த எஸ்ஐ, அந்தச் சட்டத்துக்குள்ள வாற குற்றத்தோட தொடர்பு எண்டு நியாயமாச் சந்தேகப்பட்டா பிடியாணை இல்லாமலே வாகனத்தை மறிச்சுச் சோதிக்கலாம். எங்கட அரசியலமைப்பில அந்தரங்கத்துக்கெண்டு தனியா ஒரு உரிமை எழுதியும் இல்லை. ஆனா திறப்பு என்னட்ட இருக்கேக்க திறக்கோணும் எண்டா என்னைக் கூப்பிடோணும், இல்லாட்டி பூட்டை உடைக்கோணும். உடைச்சா அடையாளம் இருக்கும், இதை ஆர் செய்தது எண்டு பாக்கிங்காரரிட்ட கேக்கலாம். வளவில திறப்பால திறந்தா அடையாளமே இல்லை, ஒரு றப்பர் பாண்டின்ர சுத்தைத் தவிர.

உது எங்கட நாட்டுப் பிரச்சினை மட்டும் எண்டும் நினைக்கக் கூடாது. அமெரிக்காவில நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் எயாப்போட்டில 2013ல ஒரு பொம்பிளை பிரயாணம் முடிஞ்சு வந்து பாத்தா காருக்குள்ள ஒரு துண்டு, நீங்கள் போனாப்பிறகு உங்கட வாகனம் சோதிக்கப்பட்டது எண்டு. சோதிச்சது பொலிசும் இல்லை, காரைப் பாக் பண்ணிக் குடுக்கிற ஆக்கள், அங்கத்தைய பாதுகாப்பு நிறுவனம் ஓம் எண்ட திட்டத்தின்படி. கவனிக்கவேண்டியது என்னெண்டா, திறப்பைக் குடுத்த கார்களைத்தான் பாத்தவை, தாங்களே விட்டுப் பூட்டிக்கொண்டு போன ஆக்களின்ர கார்களைத் தொடேல்லை. அவை சொன்ன காரணம், குடுக்கிற கார் டெர்மினலுக்கு முன்னால நிக்கும் எண்டது. லண்டனில அக்கா சொல்லுறா, அங்கயும் வாசலில வந்து காரை வாங்கிக்கொண்டு போற ஆக்கள் இருக்கினம், சில இடங்களில காரைச் சேத்து வயலுக்குள்ள கொண்டுபோய் விட்டதெல்லாம் நியூசில வந்ததாம். ஆனா அவையளின்ர துண்டாவது காருக்குள்ள கிடந்தது பாருங்கோ, எங்களுக்கு அதுவும் இல்லை.

எயாப்போட் பாக்கிங்கில குறையும் இருக்கு, மறைக்கேல்லை. நாள்கணக்கு ஏற ஏற பில்லும் ஏறும், 16 நாளுக்கு நான் குடுத்ததைப் பாத்து மனிசி இன்னும் கதைக்கிறா. வெயில் நேர தலையில, கூரை முழுக்கக் காகம் அடிச்சு வச்சிருந்தது. வந்த அண்டு விடிய மூண்டரைக்குப் பற்றரி செத்துக் கிடந்தது, பக்கத்தில நிண்ட குருநாகல் ஐயா ஒருத்தர் ஜம்பர் வயர் தந்திராட்டி அங்கயே படுத்திருப்பன். நீண்ட நாள் எண்டா பற்றரி வயரைக் கழட்டிப்போட்டுப் போங்கோ, நான் மறந்திட்டன். மாசக்கணக்கில விடுறதைப் பற்றி எனக்கு அனுபவமில்லை. நல்ல வளவுகளும் இருக்கும்தான், நான் பாத்தது ஒண்டே ஒண்டு, அதை வச்சு எல்லாரையும் சொல்லேலாது.

வளவிலதான் விடுவன் எண்டா, பேப்பர் எல்லாத்தையும் வீட்டில எடுத்து வச்சிட்டுப் போங்கோ. உறுதிக் கொப்பி, வங்கிப் புத்தகம், மருந்துத் துண்டு, பழைய போன், டாஷ்கமராவின்ர மெமரி காட், எல்லாம். அதை ஒருத்தரும் நினைக்கிறேல்லை, ஒரு மாசம் நீங்கள் எங்க எங்க போனீங்கள் எண்டது முழுக்க அதுக்குள்ள கிடக்கும். இன்சூரன்ஸ் காட்டும் ரெவனியூ லைசனும் கண்ணாடியில கிடந்தாக் காணும். மீற்றரைப் போட்டோ எடுங்கோ, திறப்புக் குடுக்கிற ஆளுக்கு முன்னாலயே எடுங்கோ.

இவ்வளவையும் சித்தப்பான்ர மகனுக்கு முந்தநாள் போனில சொன்னன், ஓம் ஓம் எண்டு எல்லாத்தையும் கேட்டான். கடைசியில சொல்லுறான், வானுக்கு அட்வான்ஸ் குடுத்திட்டன் அண்ணை, கனடாவுக்கு ஏழு பெட்டி கிடக்கு எண்டு.