பினாங்கு குளுகோர் வீட்டுல மாட்டுன வெளி தண்ணி ஃபில்டர், வாங்கப் போறவங்க படிங்க

மீட்டருக்குப் பக்கத்துல வெளில மாட்டுற மணல் ஃபில்டர் இது, ஸ்டீல் டேங்க், மாட்டிக் குடுக்குற கூலியோட 1,200 வெள்ளி ஆச்சு. நல்ல பொருள், எனக்கு ரொம்பத் திருப்தி. ஆனா எல்லா வீட்டுக்கும் இது சரிப்படாது. உங்க வீட்டுக்கு வர்றது ஆத்துத் தண்ணியா நிலத்தடி தண்ணியான்னு முதல்ல பாக்கணும், விக்கிற ஆளுங்க அத கேக்குறதே இல்ல.

பினாங்குல எடுக்குற தண்ணில கிட்டத்தட்ட 80 சதவீதம் சுங்கை மூடா ஆத்துத் தண்ணி. கெடா காட்டுல பெய்யிற மழை மண்ணையும் இலை தழையையும் அடிச்சுக்கிட்டு ஆத்துல எறங்குது, சுங்கை டுவா ஆலைல சுத்தம் பண்ணி குளோரின் போட்டு கடலடி பைப்ல தீவுக்கு அனுப்புறாங்க. ஆலைல இருந்து நல்லாத்தான் வருது, வர்ற வழில பழைய பைப்போட துருவும் படிஞ்ச வண்டலும் சேந்துக்குது, தண்ணி வெட்டு முடிஞ்சு திரும்ப வரும்போது பாத்தா தெரியும். இதெல்லாம் தூளா மிதக்குற அழுக்கு, மணல் அத புடிச்சு வச்சுக்கும். ஹேண்டில பேக்வாஷுக்கு, அதாவது தண்ணிய எதிர்ப்பக்கமா விட்டு மணல கழுவுறதுக்குத் திருப்புனதும் வடிகால் பைப்ல தே தாரிக் கலர்ல கொட்டுது, ரெண்டு மூனு நிமிஷத்துல வெளுத்துத் தெளியிது, அப்புறம் ரின்ஸ் பண்ணிட்டு திரும்ப ஃபில்டருக்கு வச்சிரணும்.

இதையே கோத்தா பாருல எங்க அத்தை வீட்டுல மாட்டுனா வேலைக்கு ஆகாது. அங்க டியூப்வெல் தண்ணி. மழைத்தண்ணி மண்ணுக்குள்ள மெதுவா எறங்கி மணல் இடுக்குல தங்குறதால தூசி தானாவே வடிஞ்சிரும், ஆனா உள்ள இருக்குற இரும்பும் மாங்கனீசும் அதுல கரைஞ்சிரும். புடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், வாளில கொஞ்ச நேரம் வச்சா காத்து பட்டு மஞ்சளாகி துணில கறை ஏறும். கரைஞ்சு போனத சும்மா மணல் புடிக்காது, முதல்ல காத்து ஏத்தணும் இல்ல மாங்கனீசுக்குன்னு இருக்குற மீடியா (உள்ள போடுற வடிகட்டுற பொருள்) போட்ட ஃபில்டர் வாங்கணும். அத்தை கேட்டப்ப அதத்தான் சொன்னேன்.

இன்னொன்னு, ஃபில்டர் விக்க வீடு வீடா வர்ற சில ஆளுங்க ரெண்டு கிளாஸ்ல கம்பிய விட்டு கரண்ட் குடுத்துக் காட்டுவாங்க, நம்ம பைப் தண்ணி பழுப்பாகும் அவங்க தண்ணி அப்படியே இருக்கும். எங்க வீட்டுக்கும் வந்தாங்க, அம்மா பயந்தே போய்ட்டாங்க. எனக்கு சரியான கோபம். அது தண்ணில இருந்த அழுக்கு இல்லீங்க, கம்பில இருக்குற இரும்புதான் கரைஞ்சு வருது! உப்பு, தாது இருக்குற தண்ணில கரண்ட் பாயும், அவங்க காட்டுற ஆர்ஓ தண்ணில, அதாவது உப்பு, தாதுவ வடிச்செடுத்த தண்ணில அவ்வளவா பாயாது, அவ்வளவுதான் விஷயம். நிலத்துக்கு அடியில இருந்து எடுத்த நல்ல மினரல் வாட்டர ஊத்துனாலும் அதே மாதிரி பழுப்பாகும், வயசானவங்க தனியா இருக்குற வீட்டுல கண்டிப்பா சொல்லி வைங்க.

குறைன்னு பாத்தா தண்ணி வேகம் லேசா கொறைஞ்சிருக்கு, மாடி பாத்ரூம்ல தெரியிது. கார்பன் சேத்து போட்டுக்கலாம்னு கடைல சொன்னாங்க, வேணான்னுட்டேன், குளோரின வாசல்லயே எடுத்துட்டா மேல டேங்க்ல கிருமி வளர வழியாயிரும், கார்பன் சமையலறை குழாய்க்கு மட்டும் போதும். உள்ள இருக்குற மணல ரெண்டு மூனு வருஷத்துல மாத்தணுமாம், அதுக்கு எவ்வளவுன்னு வாங்கும்போதே பில்லுல எழுதி வாங்கிக்குங்க.