விடுமுறையில் பி.எஸ்.ஏ. பரிசோதனை: மூன்று வாரத்தில் எது முடியும், எது முடியாது

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வரும் நடுத்தர வயது ஆண்கள் ‘முழு உடல் பரிசோதனை’யையும் முடித்துக்கொண்டு திரும்புவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பட்டியலில் புரோஸ்டேட் புற்றுநோயின் தடயத்தைத் தேடும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் சேர்ந்தே வருகிறது. அறிக்கை ஓரிரு நாளில் கைக்கு வந்துவிடும். அந்த வேகம் நல்லதுதான். கோளாறு நடப்பது ரத்தம் எடுப்பதற்கு முன்பும் அறிக்கை வந்த பின்பும்.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி விந்தை நீர்க்கச் செய்யச் சுரக்கும் புரதம்தான் பி.எஸ்.ஏ. அதில் கொஞ்சம் ரத்தத்திலும் கசியும். புற்றுநோயால் மட்டுமல்ல, வயதால் சுரப்பி பெருத்தாலும், தொற்று வந்தாலும் கசிவு கூடும். எண் உயர்ந்தவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. எண் சரியாக இருக்கும் ஏழு பேரில் ஒருவருக்கு நோய் இருக்கவும்கூடும். அதனால்தான் இதை எல்லாருக்கும் கட்டாயமாக்காமல், 55 முதல் 69 வயது வரை விவரம் தெரிந்து அவரவர் முடிவெடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 2018 பரிந்துரை சொல்கிறது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்திருந்தால் 45 வயதுக்குள்ளாகவே மருத்துவரிடம் பேச்சை எடுத்துவிடுங்கள். ஆரம்ப நிலையில் அறிகுறியே இருக்காது. சிறுநீர்த் தொந்தரவு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை. அந்தத் தொந்தரவு பெரும்பாலும் சாதாரண வீக்கத்தால் வருவது.

ரத்தம் எடுக்கும் மேசையில் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பார்கள். பி.எஸ்.ஏ.வுக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு; கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். கடந்த 2 நாளில் விந்து வெளியேறியதா, நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டினீர்களா? கடந்த 6 வாரத்தில் சிறுநீர்த் தொற்று வந்ததா, சிறுநீர்க் குழாய் வைத்திருந்தார்களா? இவை எண்ணைக் கூட்டிக் காட்டும். குறைத்துக் காட்டுபவை இன்னும் ஆபத்தானவை. சுரப்பி வீக்கத்துக்கும் முடி உதிர்வுக்கும் தரும் ஃபினாஸ்டரைடு, அதன் இனமான டூட்டாஸ்டரைடு ஆகிய மாத்திரைகளை 6 மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. பாதியாகிவிடும். அறிக்கையில் 2.4 என்று இருந்தால் அதை 4.8 என்றே வாசிக்க வேண்டும். முடிக்கான மாத்திரையை யாரும் ‘மருந்து’ என்று நினைத்துச் சொல்வதில்லை, அங்கேதான் தவறிப்போகிறது. முடி, நகத்துக்காகச் சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமினும் அளவு அதிகமானால் சில கருவிகளில் எண்ணைக் குறைத்துக் காட்டும்.

அறிக்கையில் ‘0 முதல் 4 வரை இயல்பு’ என்று ஒரே வரி அச்சாகியிருக்கும். வயதோடு சேர்த்துப் பார்ப்பதே சரி: நாற்பதுகளில் 2.5, ஐம்பதுகளில் 3.5, அறுபதுகளில் 4.5 என்பது பரவலாகப் பயன்படும் எல்லை. 49 வயதுக்காரருக்கு 3.6 வந்தால் ‘நார்மல்’ என்று மடித்து வைத்துவிடக் கூடாது.

கூடவே வயிற்று ஸ்கேன் அறிக்கையில் ‘கிரேடு 1 புரோஸ்டேட்டோமெகலி’ என்று எழுதியிருப்பார்கள். இதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் ஏராளம். அது சுரப்பி சற்றுப் பெருத்திருக்கிறது என்பதற்கான அளவு மட்டுமே. புற்றுநோயின் கிரேடு அல்ல. வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனால் இந்தப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. ஆனால் அதிலுள்ள சுரப்பியின் கன அளவு உதவும். பி.எஸ்.ஏ. 5, சுரப்பி 50 மி.லி. என்றால் வகுத்தால் 0.10. அதே 5, சுரப்பி 25 மி.லி. என்றால் 0.20. 0.15க்கு மேல் போனால் சந்தேகம் வலுக்கிறது.

எண் உயர்ந்திருந்தால் அடுத்த படி பயாப்சி (ஊசியால் சுரப்பியின் திசுவை எடுத்துச் சோதிப்பது) அல்ல, சில வாரம் கழித்து மறுபரிசோதனை. மூன்று வார விடுமுறையில் இது அடங்காது. ஆகவே ஊர் வந்த முதல் வாரத்திலேயே ரத்தம் கொடுங்கள். மீதியை வசிக்கும் நாட்டில் தொடரலாம். ஒரு சிக்கல்: ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்தும் கருவியும் அளவுத்திருத்தமும் மாறினால் அதே ரத்தம் 20 சதவீதம் வரை வேறு எண் காட்டலாம். அங்கே 3.2, இங்கே 3.8 என்பது நோய் வளர்ந்ததற்கான சான்றாகாது. எந்த முறையில் அளந்தார்கள் என்பதை அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மறுமுறையும் உயர்ந்தால் எம்.ஆர்.ஐ. அதை பயாப்சிக்கு முன்பே எடுக்க வேண்டும். பின்னால் எடுத்தால் ஊசி குத்திய இடத்து ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும். முடிவு, புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று காட்டும் பை-ராட்ஸ் மதிப்பெண்ணாக 1 முதல் 5 வரை வரும். 1, 2 என்றால் பலருக்கு ஊசியே தேவைப்படாது.

‘வந்ததே வந்தாச்சு, பயாப்சியையும் முடிச்சிட்டுப் போயிடு’ என்று வீட்டார் சொல்வது பாசத்தில்தான். இருந்தும் விமானத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லையென்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மலக்குடல் வழியாக ஊசி போட்டால் குடல் கிருமி சுரப்பிக்குள் போகலாம். அண்மையில் நாடு விட்டு நாடு பயணம் செய்தவர்களின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் இருக்க வாய்ப்பு அதிகம்; பயண விவரத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே தோல் வழியாகச் செய்யும் முறையில் தொற்று குறைவு; அது கிடைக்குமா என்று கேளுங்கள். சிறுநீரில் சில நாளும் விந்தில் சில வாரமும் ரத்தம் தெரிவது எதிர்பார்த்ததே. குளிர் நடுக்கத்தோடு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ உடனே மருத்துவமனை, பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

நோய் உறுதியானாலும் சுரப்பிக்குள் அடங்கியிருந்தால் அந்த வாரமே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டியதில்லை. திசுவைப் பார்த்து நோயின் வீரியத்துக்குத் தரும் கிளீசன் மதிப்பெண் 3+3=6 (குறைந்த வீரியம்) என்றால் பெரும்பாலும் தீவிரக் கண்காணிப்பே (உடனே சிகிச்சை தராமல் தொடர்ந்து பரிசோதித்து வருவது) முதல் தேர்வு. பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்வில், கண்காணிப்போ அறுவையோ கதிர்வீச்சோ எதைப் பெற்றிருந்தாலும் 15 ஆண்டுகளில் ஏறக்குறைய 97 சதவீதம் பேர் இந்த நோயால் இறக்கவில்லை.

கிளம்பும்முன் வாங்க வேண்டியவை: ரத்த அறிக்கையின் அசல், எம்.ஆர்.ஐ.யின் டைகாம் படங்கள் (கணினியில் திறக்கும் அசல் டிஜிட்டல் படங்கள்) உள்ள சி.டி., பயாப்சி செய்திருந்தால் திசு ஒட்டிய கண்ணாடித் தகடுகளும், திசுவை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்குகளும். படத்தின் காகித அச்சை மட்டும் கொண்டுபோனால் வெளிநாட்டு மருத்துவர் மறுபடி படமெடுக்கச் சொல்வார். பிளாக்குகளைக் கைப்பையில் வையுங்கள். சூட்டில் மெழுகு இளகும். அவற்றைப் பெறத் தனி விண்ணப்பம் எழுதித் தர வேண்டியிருக்கலாம், கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.