வெனிலா சர்க்கரைக்குக் காய் வாங்குகிறீர்களா? ஊறப்போடும் முன் அறுத்துப் பாருங்கள்

மலை ஊர் வாசனைச் சாமான் கடைகளில் இருந்து கூரியரில் வெனிலா காய் வரவழைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் போடுங்கள். கேக் சீசன் வருகிறது, எல்லோரும் சர்க்கரையில் காயைப் போட்டு மூடி வைக்கிற நேரம், அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

இடுக்கிப் பக்கம் டூர் போனபோது ஒரு கடையில் கண்ணாடிக் குழாயில் இரண்டிரண்டு காயாகப் போட்டு விற்றார்கள். வாங்கி வந்தேன். உண்மையிலேயே அருமையான காய், கறுப்பாக, லேசான எண்ணெய்ப் பசையோடு, விரலில் சுற்றினால் உடையாமல் வளைந்து கொடுத்தது. அந்தக் காயைப் போட்டு வைத்த சர்க்கரையில் செய்த பட்டர் குக்கீஸை என் வாடிக்கையாளர்கள் இன்னும் கேட்கிறார்கள். சரி என்று குழாயில் ஒட்டியிருந்த நம்பருக்கு போன் போட்டு 50 காய் கேட்டேன். 6,000 ரூபாய், முழுப் பணமும் முன்னாலேயே ஜிபே.

பார்சல் பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. காற்று உறிஞ்சிய பாக்கெட், பளபளவென்று காய், பிரித்ததும் ஹால் முழுக்க வாசனை. ஒவ்வொரு ஜாடியிலும் கால் கிலோ சர்க்கரைக்கு ஒரு காய் என்று போட்டு இறுக்கி மூடி வைத்தேன். சில வாரம் கழித்து ஒரு ஜாடியைத் திறந்தால் வெறும் சர்க்கரை வாசனை. காய் கிடந்த இடத்தில் மட்டும் சர்க்கரை பழுப்பாக, எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி திட்டாக ஒட்டிப் போயிருந்தது. காயை எடுத்து அறுத்தேன். நல்ல காயை நெடுக்கில் பிளந்து கத்தியின் முதுகால் வழித்தால் கறுப்பு விதைகள் ஈரமாக, விழுதாகத் திரண்டு வரும். இதில் நார்தான் வந்தது, கூடவே பொடியாக உதிர்கிற கொஞ்சம் கறுப்புத் தூசி. மற்ற ஜாடிகளிலும் அதே கதை.

போன் பண்ணினால் அந்த ஆள் அசரவே இல்லை. "வெனிலா அப்படித்தான்க்கா, இன்னும் ஒரு மாசம் ஊறட்டும், சும்மா தூக்கும்" என்றார். "உள்ளே விதையே இல்லையே தம்பி, ஊறினா எங்கிருந்து வரும்?" என்றேன். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார், பார்சல் கிடைத்து 7 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம், பில்லில் பின்பக்கம் போட்டிருக்கிறதாம். போட்டுத்தான் இருக்கிறது, எறும்பு சைஸ் எழுத்தில். வெனிலா சர்க்கரை ஊற எப்படியும் இரண்டு வாரம் வேண்டும், ஒரு மாதம் விட்டால் இன்னும் நல்லது, இது இவர்களுக்குத் தெரியாதா என்ன? நாம் ஜாடியைத் திறக்கும்போது அவர்களுடைய கெடு முடிந்திருக்கும். இந்த ஏமாற்று நடப்பதே அந்த இடைவெளியில்தான்.

எனக்கு வந்தது ஏற்கெனவே சத்தை எடுத்த காய் என்பது என் ஊகம். எக்ஸ்ட்ராக்ட் செய்கிறவர்கள் காயை ஆல்கஹாலில் ஊறவைத்து மணத்தை இறக்கிக்கொள்வார்கள், மிச்சம் சக்கை. அதைக் காயவைத்து, பளபளப்புக்கு கிளிசரினோ எண்ணெயோ தடவி, செயற்கை வெனிலினை, அதாவது வெனிலா மணம் தருகிற வேதிப்பொருளை, தெளித்துத் திரும்ப விற்கிற வேலை நடக்கிறது. டீக்கடை சக்கையைக் காயவைத்துச் சாயம் ஏற்றி விற்கிறார்களே, அதே தொழில்தான். வாசனை மேலே மட்டும் இருப்பதால் பாக்கெட்டைப் பிரித்ததும் குப்பென்று அடிக்கும், அப்புறம் ஒன்றும் இருக்காது.

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்றால் காயின் விலை அப்படி. வெனிலா ஒரு ஆர்க்கிட் கொடி, மெக்சிகோ பக்கத்துச் செடி. பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும், அதற்குள் ஒவ்வொரு பூவையும் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். காய் முற்ற எட்டொன்பது மாதம், அதற்கப்புறம் வெந்நீரில் முக்கி, போர்த்தி வியர்க்க விட்டு, வெயிலில் காட்டி, பெட்டியில் மூடிப் பக்குவப்படுத்த இன்னும் சில மாதம். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் சேர்ந்தால்தான் பதப்படுத்திய காய் ஒரு கிலோ. உலகத்துக்குப் பெரும்பங்கு மடகாஸ்கரில் இருந்து போகிறது. அங்கே 2017இல் புயல் அடித்த பிறகு, 2018 வாக்கில் கிலோ 600 டாலர் வரை போய் வெள்ளி விலையையே தாண்டியது. நம் பக்கமும் இந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறோம். 2003 வாக்கில் விலை உச்சத்தில் இருந்தபோது இடுக்கியிலும் பொள்ளாச்சிப் பக்கமும் தென்னைக்கும் பாக்குக்கும் நடுவில் வெனிலா போட்டவர்கள் எத்தனையோ பேர், அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் விலை பாதாளத்துக்குப் போய்க் கொடியைப் பிடுங்கிப் போட்டவர்களும் அவர்களேதான். பாடுபட்ட விவசாயிக்குக் கிடைக்காத லாபம் சக்கையை விற்கிறவனுக்குக் கிடைக்கிறது, எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆகவே பார்சல் வந்த அன்றே, பிரிப்பதில் இருந்து வீடியோ எடுத்துக்கொண்டே, ஒரு காயைப் பலி கொடுங்கள். முதலில் வெள்ளை டிஷ்யூவில் அழுத்தித் துடையுங்கள். வாசனை முழுக்க டிஷ்யூவுக்குப் போய்க் காய் மொட்டையாகிவிட்டால் சந்தேகப்படலாம். அப்புறம் அறுத்து வழித்துப் பாருங்கள், ஈர விழுதாக விதை வர வேண்டும். நல்ல காய் காய்ந்த குச்சியாக ஒடியாது, பிசுபிசுவென்று எண்ணெயும் சொட்டாது.

இன்னொரு கூத்து. என் பாக்கெட்டில் சில காய்களின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. போட்டோ அனுப்பிக் கேட்டதற்கு "அது கிரிஸ்டல்க்கா, அதான் ஒரிஜினல்னு அடையாளம்" என்று பதில். முழுப் பொய்யும் இல்லை, உயர்ந்த காயில் வெனிலின் வெளியே வந்து படிகமாக உறைவது உண்டு, ஆனால் அது செல்போன் டார்ச்சைக் காட்டினால் மெல்லிய ஊசிகளாக மின்னும். என்னிடம் இருந்தது மின்னவில்லை, பஞ்சாகப் படர்ந்திருந்தது, மூக்கருகில் கொண்டுபோனால் மழைக்காலத்துத் துணி அலமாரி வாடை. பூஞ்சைதான். சரியாகக் காயாத காயைக் காற்றுப் புகாமல் அடைத்தால் இப்படி ஆகும். துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாமா என்று யோசிக்காதீர்கள். இப்படிப்பட்ட காய் ஊறிய ஜாடிச் சர்க்கரையையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன்.

அதே பார்சலில் ரெடிமேட் வெனிலா சர்க்கரையும் ஒரு பாட்டில் இலவசமாக வைத்திருந்தார்கள், பெரிய மனசு. கறுப்புப் புள்ளி நிறைய இருந்தது, ஆனால் புள்ளி இருப்பதால் மணம் இருக்கிறது என்று அர்த்தமில்லை, சக்கையை அரைத்துப் போட்டாலும் புள்ளி வரும். லேபிளில் என்னென்ன சேர்த்தார்கள் என்ற வரியே இல்லை. உணவுப் பாதுகாப்பு உரிம எண் என்று ஒன்று அச்சடித்திருந்தார்கள், அதற்கு 14 இலக்கம் இருக்க வேண்டும், எண்ணிப் பார்த்தால் 13தான். நீங்கள் வாங்குகிற பாக்கெட்டிலும் எண்ணுங்கள், அப்படியே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தளத்தில் போட்டு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

பட்ஜெட் இடிக்கிறது, நல்ல காய் கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு என் கருத்து: கடையில் கிடைக்கிற சாதாரண எசென்ஸே மேல். செயற்கைதான், ஆனால் செயற்கை என்று சொல்லி, செயற்கை விலைக்கு விற்கிறார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். அதைக் கேள்விப்பட்டதும் அந்த ஆளே கூப்பிட்டு, பாதிப் பணம் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். முழுப் பணம் வராமல் வாபஸ் வாங்குவதாக இல்லை. இது சரிவராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. உங்களுக்கும் இதே மாதிரி பார்சல் வந்திருந்தால் கூரியர் உறை, பில், ஜிபே ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எறியாமல் வையுங்கள், அறுத்த காயையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.