ராத்திரி ஓடும் வேலை ஹேங் ஆனால்: க்ரானா, சிஸ்டம்டி டைமரா?

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையின் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு ஓடும் சாதாரணக் கணினிதான். பில் போடும் மென்பொருளின் டேட்டாபேஸ் அதில் இருக்கிறது. கால் மணிக்கு ஒருமுறை ஸ்டாக் கணக்கு திருமங்கலம் குடோனுக்குப் போக வேண்டும். ராத்திரி முழு டேட்டாபேஸையும் டம்ப் (முழு நகல்) எடுத்து, கோப்புகளை நகலெடுத்து அனுப்பும் ஆர்சிங்க் வழியாக அதே குடோன் கணினிக்கு அனுப்ப வேண்டும். முன்பு இவை எல்லாம், குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் க்ரானில் இருந்தன. இப்போது முக்கியமானவற்றை, லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி மேற்பார்க்கும் சிஸ்டம்டியின் டைமருக்கு மாற்றிவிட்டேன். மாற்றியது நல்லது என்பதுதான் என் கட்சி.

எளிமையில் க்ரானை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இருந்த கருவி இது. உபுண்டுவில் இருப்பது 1987இல் பால் விக்ஸி எழுதியதன் வழி வந்தது. ஒரே ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. டைமருக்கு, என்ன செய்வது என்று சொல்லும் சர்வீஸ் கோப்பு ஒன்று, எப்போது என்று சொல்லும் டைமர் கோப்பு ஒன்று என்று இரண்டு எழுத வேண்டும். வேலை ஒழுங்காக முடிகிறவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஹேங் ஆகும்போதுதான், அதாவது முடியாமல் அப்படியே நின்றுவிடும்போதுதான், வித்தியாசம் தெரிகிறது.

ஹேங் ஆவதற்குப் பெரும்பாலும் ஸ்கிரிப்டில் பிழை இருக்காது. காத்திருப்பதற்கு யாரும் எல்லை வைக்காததுதான் காரணம். ஆர்சிங்கின் டைம்அவுட் இயல்பாகவே 0, அதாவது எல்லையே கிடையாது. மைஎஸ்க்யூஎல்லில் ஒரு டேபிளின் பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரம் இயல்பாக 3,15,36,000 விநாடி. ஒரு முழு வருடம்! நடுவில் பிராட்பேண்ட் விட்டு விட்டு வந்தால், எதிர்முனை போய்விட்டது என்ற சேதிகூட இந்தப் பக்கம் வராமல் வேலை அப்படியே உட்கார்ந்திருக்கும்.

க்ரான் அந்த வேலையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நேரம் வந்தால் அடுத்த பிரதியைத் தொடங்கிவிடும். கால் மணிக்கு ஒன்று என்றால் 4 மணி நேரத்தில் 16 பிரதிகள். காலையில் கணக்குப்பிள்ளையிடமிருந்து போன் வரும்: "தம்பி, பில்லு போட்டா சுத்திக்கிட்டே கெடக்குய்யா, ஆளுக எல்லாம் நிக்கிறாக." பில் மென்பொருளின் மேல் பழி விழும். உள்ளே பார்த்தால் ஸ்டாக் ஸ்கிரிப்டின் பிரதிகள் டிஸ்க்கைப் போட்டு அரைத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு க்ரானிலேயே வைத்தியம் உண்டு, நன்றாகவே வேலை செய்யும். ஒரு கோப்பின் மேல் பூட்டு பிடிக்கும் ஃப்ளாக் (flock) கமாண்டை மைனஸ் என் (-n) போட்டு முன்னால் வைத்தால், பழைய பிரதி ஓடும்போது புதியது விலகிக்கொள்ளும். டைம்அவுட் கமாண்டைச் சேர்த்தால் சொன்ன நேரத்தில் வேலையை நிறுத்திவிட்டு 124 என்ற குறியீட்டோடு வெளியே வரும். பலருக்கு இதுவே போதும்.

எனக்குப் போதாமல் போனது ஒரே ஒரு விஷயத்தில்தான்: பிள்ளை ப்ராசஸ்கள். ஸ்கிரிப்ட் தன் பங்குக்குத் தொடங்கும் ப்ராசஸ்களுக்கு (ஓடும் நிரல்களுக்கு) ஃப்ளாக் பிடித்த பூட்டும் சேர்ந்தே போகிறது. ஸ்கிரிப்ட் செத்த பிறகும், அது பின்னணியில் விட்ட ஒன்று உயிரோடு இருந்தால் பூட்டு திறக்காது. டைம்அவுட்டும் தன் ப்ராசஸ் குழுவுக்குத்தான் சிக்னல் அனுப்பும். தனி செஷனாகக் கழன்றுபோன பிள்ளைக்கு அது போய்ச் சேராது. விளைவு என்ன? மறுநாள் ராத்திரி ஃப்ளாக் பூட்டைப் பார்க்கிறது, சத்தமில்லாமல் திரும்பிவிடுகிறது. அதற்கடுத்த நாளும் அதே கதை. அந்தச் சேதியை க்ரான் மெயிலில் அனுப்பலாம்தான், ஆனால் ஃப்ளாக் எதுவும் அச்சிடாததால் அனுப்ப ஒன்றுமே இல்லை. பேக்கப் எடுப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள், எடுத்திருக்காது. ஒரு கடைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

சிஸ்டம்டி இந்த இடத்தைத்தான் சரியாகப் பிடிக்கிறது. ஒரு சர்வீஸில் பிறக்கும் ப்ராசஸ்கள் எல்லாம் கெர்னலின் ஒரே சிகுரூப்புக்குள் (கெர்னல் கணக்கு வைக்கும் ப்ராசஸ் கூட்டத்துக்குள்) இருக்கும். பேரனோ கொள்ளுப்பேரனோ, செஷனை மாற்றிக்கொண்டாலும் வெளியே போக முடியாது. தாய் ஸ்கிரிப்ட் முடிந்ததும் மிச்சம் இருப்பவற்றையும் சிஸ்டம்டி நிறுத்தும். முதலில் முடித்துக்கொள்ளச் சொல்லும் டெர்ம் சிக்னல், அதற்கும் அசையாவிட்டால் இயல்பாக 90 விநாடி கழித்து வலுக்கட்டாயமாக நிறுத்தும் கில் சிக்னல். பூட்டுக் கோப்பே தேவையில்லை. சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது டைமரின் நேரம் வந்தால் இன்னொரு பிரதி தொடங்காது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. டம்ப் போல ஒருமுறை ஓடி முடிகிற ஒன்ஷாட் வகை சர்வீஸுக்கு இயல்பாகக் கால எல்லை கிடையாது. ஹேங் ஆனால் அப்படியே கிடக்கும், அடுத்த ஓட்டமும் வராது. ரன்டைம்மேக்ஸ்செக் என்ற பெயரைப் பார்த்ததும் அதுதான் எல்லை என்று தோன்றும். ஒன்ஷாட்டில் அது செல்லாது. டைம்அவுட்ஸ்டார்ட்செக் என்பதைத்தான் எழுத வேண்டும். டம்ப் வழக்கமாக எடுக்கும் நேரத்தைப்போல மூன்று மடங்கு வைத்திருக்கிறேன். கூடவே ஆன்ஃபெயிலியர் என்ற வரியில், என் போனுக்குச் சேதி அனுப்பும் இன்னொரு சர்வீஸைக் கோத்திருக்கிறேன். இந்த இரண்டு வரியும் இல்லாவிட்டால் டைமருக்கு மாறி ஒரு பயனும் இல்லை.

எங்கே மாட்டியது என்று தேடுவதும் இதில் சுலபம். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கேட்டால் எப்போதிலிருந்து ஓடுகிறது, எந்தெந்தப் பிள்ளைகள் உயிரோடு என்று ப்ராசஸ் எண்களோடு மரம்போலக் காட்டும். மாட்டிய பிள்ளையின் எண்ணை, ஒரு ப்ராசஸ் கெர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸிடம் கொடுத்தால் 'ரீட்(3,' என்று எழுதி, அடைப்புக்குறியைக்கூட மூடாமல் நிற்கும். 3 என்ற எண்ணுள்ள இடத்திலிருந்து படிக்கக் காத்திருக்கிறது என்று பொருள். அந்த 3 எது என்று ப்ராக்கின் எஃப்டி கோப்புறையில் (/proc-இல் அந்த ப்ராசஸ் திறந்துவைத்தவற்றின் பட்டியல்) பார்த்தால் ஒரு சாக்கெட், அதாவது நெட்வொர்க் இணைப்பு. அப்படியானால் தவறு நம் பக்கம் இல்லை, திருமங்கலம் லைன் போயிருக்கிறது. க்ரானிலும் எஸ்ட்ரேஸ் போடலாம். ஆனால் எந்த ப்ராசஸ் எந்த வேலையுடையது என்று, ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் நாமே கோத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளுக்கு டைமரில் பெர்சிஸ்டன்ட் என்ற ஒரு வரி போதும். தவறிய வேலை, கணினி எழுந்ததும் ஓடிவிடும். க்ரான் பக்கம் இதற்கு அனாக்ரான் என்ற துணைக் கருவி இருக்கிறது. சித்திரைத் தேர் மாசி வீதிகளில் வரும் நாளில் கடைக்குள் நுழைவதே பெரும்பாடு என்பதால், கணினி தன்னைத் தானே பார்த்துக்கொள்வது எனக்கு ரொம்ப முக்கியம்.

இரண்டாலும் முடியாத இடம் ஒன்று உண்டு. பிஎஸ்ஸில் ப்ராசஸின் நிலை டி என்று இருந்தால், அது கெர்னலுக்குள் டிஸ்க்குக்காகவோ நெட்வொர்க் மவுன்ட்டுக்காகவோ காத்திருக்கிறது. கில் சிக்னலுக்கும் அசையாமல் இருக்கலாம். 120 விநாடிக்கு மேல் தடைபட்டு நிற்கிறது என்று கெர்னல் பதிவிலும் வரி வந்திருந்தால் ஸ்கிரிப்டைத் தொடாதீர்கள், டிஸ்க்கையும் கேபிளையும் பாருங்கள். இந்த வகைக் கோளாறில் எனக்கு அனுபவம் குறைவு. நூற்றுக்கணக்கில் கணினிகள் வைத்திருப்பவர்களின் கணக்கும் வேறாக இருக்கலாம், நான் சொல்வது ஒரு கடை, ஒரு குடோன் அளவில்தான்.

பழைய பில் பிடிஎஃப்களை அழிக்கும் ஒரு வரி மட்டும் இன்னும் க்ரானில் இருக்கிறது. நெட்வொர்க்கைத் தொடாத, சில விநாடிகளில் முடிகிற வேலை என்பதால் அதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.