200 பேர் கையெழுத்தா, 3 பேர் பதிலா? கேள்வி-பதில் சைட்டை எப்ப திறக்கறது

சத்துவாச்சாரில ஒரு டீக்கடை பெஞ்சுல உக்காந்து நாங்க நாலு பேரு போட்ட பிளான் இது. வேலூர் பக்கத்து விவசாயிங்களுக்குன்னே தமிழ்ல ஒரு கேள்வி-பதில் சைட்டு, கத்திரி, தக்காளி, ஆடு மாடு, போர் மோட்டார்னு எல்லாம் கேக்கலாம். செவ்வாக்கிழமை பொய்கை மாட்டுச்சந்தைக்கு நோட்டு எடுத்துகினு போயி, "அண்ணா இப்படி ஒண்ணு தொடங்கப்போறோம், வருவீங்களா"ன்னு கேட்டா யாரு இல்லன்னு சொல்லுவாங்க, மாட்டைப் புடிச்சிகினே பேரும் நம்பரும் சொன்னாங்க. மூணு வாரத்துல 212 பேரு. திறந்த அன்னிக்கு உள்ள வந்தது 9 பேரு, அதுல நாலு பேரு நாங்க.

அப்புறம்தான் மத்தவங்க எல்லாம் எப்ப திறக்கலாம்னு எப்படி முடிவு பண்றாங்கன்னு பாக்க ஆரம்பிச்சேன். முன்னாடியே பாத்திருக்கணும், அது வேற.

புரோகிராம் எழுதறவங்களுக்கான கேள்வி-பதில் சைட்டு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, 2008ல வந்து நல்லா ஓடுச்சு. அந்த சாஃப்ட்வேரையே 2009ல வாடகைக்கு விட்டாங்க, மாசம் 129 டாலர் கட்டுனா யாரு வேணும்னாலும் எந்த சப்ஜெக்ட்லயும் சைட்டு திறக்கலாம். நிறைய பேரு திறந்தாங்க, ஆனா அதுல பலதும் ஈ ஓட்டுற கடைதான், காசு இருந்துச்சு கூட்டம் இல்ல. 2010ல அத நிறுத்திட்டு ஏரியா 51ன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. எனக்கு ரொம்பப் புடிச்சது இது, ரொம்பக் கோவம் வந்ததும் இதுமேலதான்.

அப்ப அது எப்படி இருந்துச்சுன்னா, மொதல்ல ஒருத்தரு இந்த சப்ஜெக்ட்டுக்கு சைட்டு வேணும்னு ப்ரபோசல் வைக்கணும், அதுக்கு 60 பேரு ஃபாலோ பண்ணணும், இந்த சைட்டுல இப்படித்தான் கேப்பாங்கன்னு மாதிரி கேள்வி போட்டு அதுல 40 கேள்விக்காவது தலா 10 ஓட்டு விழணும். அது தாண்டுனா அடுத்து கையெழுத்து: 200 பேரு "நான் வரேன்"னு கமிட் பண்ணணும், அதுல 100 பேரு அவங்களோட வேற சைட்டுல ஏற்கனவே 200 ரெப்புடேஷனாவது, அதாவது நல்ல கேள்வி பதிலுக்கு மத்தவங்க ஓட்டுப் போட்டு வர்ற பாயிண்ட்டு, சம்பாதிச்சவங்களா இருக்கணும். நாங்க பொய்கைல செஞ்ச தப்பு இந்த ரெண்டாவது வரில இருக்கு. எங்க 212ல எத்தன பேரு இதுக்கு முன்னாடி எங்கயாவது ஒருத்தருக்கு டைப் பண்ணி பதில் சொல்லிருக்காங்கன்னு நாங்க கேக்கவே இல்ல. பேரு குடுக்கறது சும்மா வாய்ச்சொல்லு, பழக்கம் இருக்கறவன் பேரு குடுத்தா அது வேற.

திறந்தப்புறமும் அவங்க விடல, பீட்டான்னு ஒரு சோதனைக் காலம் வச்சு எண்ணிகினே இருந்தாங்க: ஒரு நாளைக்கு 15 கேள்வி, 90 சதவீதத்துக்கு பதில், கேள்விக்கு சராசரி 2.5 பதில், தினம் 1500 பேரு வந்து போகணும். மொதல்ல 90 நாள்ல முடிவுன்னாங்க, போகப்போக வருஷக்கணக்கா பீட்டாவுலயே உக்காந்திருந்த சைட்டுங்க நிறைய. என் கோவம் இங்கதான், இந்த கணக்கு இங்கிலீஷ்ல புரோகிராம் எழுதறவன் கூட்டத்துக்கு சரி, அணைக்கட்டு பக்கம் கத்திரி போடறவங்களுக்கு தினம் 15 கேள்வி எங்கருந்து வரும், சீசன்ல வரும், மத்த நாள்ல ஒண்ணு வந்தாலே பெருசு. அதுல எனக்கு உதவுற நம்பர் ஒண்ணே ஒண்ணு, அந்த 90 சதவீதம். கேட்டவனுக்கு பதில் வந்துச்சா இல்லியா, அவ்ளோதான்.

இதுக்கு எதுத்தாப்புல நிக்கறது நாத்தங்கால் முறை, மொதல்ல சின்ன எடத்துல வளத்துப் பாத்துட்டு அப்புறம் தனியா நடறது. கோடிடாக்ட்னு லாப நோக்கம் இல்லாத ஒரு கூட்டம், ப்ரபோசல் வைக்கற எடத்துலயே நிஜக் கேள்வியும் நிஜ பதிலும் போட விடறாங்க, அங்க வேர் புடிச்சா தனி எடம். விக்கிபீடியாவ நடத்தற விக்கிமீடியாவும் அப்படித்தான், கேள்வி-பதில் இல்ல, ஆனா புது மொழில விக்கிபீடியா வேணும்னா 2006லருந்து இன்குபேட்டர்னு ஒரு எடத்துல மொதல்ல எழுதிக் காட்டணும், ஒரே ஆளு ஆயிரம் கட்டுரை போட்டா செல்லாது, ஒரு சில பேரு மாசாமாசம் விடாம எழுதறாங்களான்னு பாப்பாங்க. எனக்கு இதுதான் சரின்னு படுது. கொறை இல்லாம இல்ல, நாத்தங்கால்லயே கருகிப் போறதும் உண்டு, வெளில போர்டு இல்லாத எடத்துக்கு புது ஆளு எப்படி வருவான்.

பெரிய கேள்வி-பதில் சைட்டுங்க ரெண்டு வேற ரூட்டுல போச்சு. கோரா 2010 ஜூன் வரைக்கும் அழைப்பு இருந்தாத்தான் உள்ள விட்டுச்சு, தெரிஞ்சவன் தெரிஞ்சவன கூட்டிகினு வந்தான். யாஹூ ஆன்சர்ஸ் 2005லருந்து கதவ தொறந்தே வச்சு 2021 மே 4ல மூடுச்சு. ரெண்டுக்கும் பின்னாடி பெரிய பணம், எங்கள மாதிரி ஆளுக்கு அந்த ரூட்டு இல்ல.

இப்ப சைட்ட மூடிட்டு வாட்ஸப்ல நாத்து விட்டிருக்கோம். போன மாசம் ஒரு பையன் போட்டோ போட்டான், முள்ளு கத்திரி, 2023ல புவிசார் குறியீடு வாங்குனுச்சே அந்த இலவம்பாடி கத்திரிதான், குருத்து தலய தொங்கப் போட்டுகினு நிக்குது, கீழ காய்ல ஓட்டை. "இன்னா மருந்து அடிக்கலாம்"னு கேட்டான். அணைக்கட்டு பக்கத்து அக்கா ஒருத்தங்க வாய்ஸ் நோட்டுல, "மருந்து இருக்கட்டும் நைனா, வாடுன குருத்தயும் ஓட்டை காயயும் மொதல்ல கிள்ளி எடு, வரப்புல போட்டா புழு திரும்ப ஏறும், குழி தோண்டி பொதச்சிடு, அப்புறம் இனக்கவர்ச்சிப் பொறி கட்டு"ன்னாங்க. நாலு நாள் கழிச்சு அவங்களே "குருத்து இன்னும் வாடுதா"ன்னு திரும்பக் கேட்டாங்க பாருங்க, அன்னிக்கே நோட்டுல இருந்த 212 பேரையும் அடிச்சிட்டு இந்த அக்கா பேர எழுதிட்டேன்.

இப்படி தானா வந்து பதில் சொல்றவங்க இப்ப ரெண்டு பேரு. மூணாவது ஆளு மோட்டாருக்கு வேணும், குடியாத்தத்துல ஒரு வைண்டிங் கடைக்காரர்கிட்ட பேசிகினு இருக்கோம். வோல்டேஜ் பிரச்சினைல தினம் எரிஞ்ச மோட்டாரா வருதாம், "ஆடி போகட்டும்பா"ன்னாரு.