மாஸ்கோவா, பீட்டர்ஸ்பர்க்கா: ரஷ்யாவின் மூத்த பல்கலைக்கழகம் எது?

மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகம் தன் தொடக்க ஆண்டாக 1755-ஐக் காட்டும். செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் 1724-ஐக் காட்டும். 2024-ல் 300-வது ஆண்டு விழாவையும் கொண்டாடிவிட்டது.

1724-ல் பேரரசர் பீட்டர் அறிவியல் கழகத்துக்கு ஆணையிட்டபோது, அதோடு ஒரு பல்கலைக்கழகமும் இருந்தது உண்மைதான். ஆனால் அங்கே மாணவர்களுக்கே பஞ்சம். ஒரு கட்டத்தில் படிப்பு நின்றும் போனது. முறையான பல்கலைக்கழகம் 1819-ல்தான் அமைந்தது. மாஸ்கோவில் கதை வேறு. பேரரசி எலிசவேத்தா 1755 ஜனவரியில் அதை நிறுவும் ஆணையில் கையெழுத்திட்டார், அந்த ஆண்டே செஞ்சதுக்கத்தின் ஓரத்தில், பழைய மருந்தகக் கட்டடம் ஒன்றில் வகுப்பு தொடங்கிவிட்டது. 1812-ல், நெப்போலியன் படையெடுப்பின்போது மூண்ட தீயில் கட்டடமும் நூலகமும் எரிந்தன. மறு ஆண்டே பாடம் நடந்தது. என் ஓட்டு மாஸ்கோவுக்குத்தான்.

ஆனால் ஒரு வேடிக்கை. மாஸ்கோ பல்கலைக்கழகம் தன் பெயரில் சுமக்கிற விஞ்ஞானி லொமனோசொவ் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்து ஆள்! அங்கே மாணவராக இருந்து, பேராசிரியராகி, 1765-ல் அந்த ஊரிலேயே இறந்தவர். மாஸ்கோவுக்குத் திட்டம் வரைந்து கொடுத்தார்; அதை அரண்மனையில் பேசி முடித்தவர் பேரரசிக்கு நெருக்கமான இவான் ஷுவாலொவ். லொமனோசொவ் பெயரைச் சூட்டியதும் 1940-ல்தான்.

கட்டடத்தைப் பார்த்தாலே இரண்டின் குணமும் தெரியும். பீட்டர்ஸ்பர்க்கினது படுத்துக் கிடக்கிறது: வசீலியெவ்ஸ்கி தீவில், அமைச்சகங்களுக்காகக் கட்டிய ‘பன்னிரண்டு கொலேகியா’ மாளிகை (அன்று அமைச்சகங்களுக்கு அதுதான் பெயர்). ஏறக்குறைய 400 மீட்டர் நீளம். உள்ளே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே நடைக்கூடம். ஒரு பக்கம் ஜன்னல்கள், மறுபக்கம் புத்தக அலமாரிகள், நடுநடுவே பேராசிரியர்களின் ஓவியங்கள். வேதியியலாளர் மெந்தலேயெவ் குடியிருந்த வீடும் அதே வளாகத்தில் அருங்காட்சியகமாக இருக்கிறது. தனிம அட்டவணை 1869-ல் அங்கே பிறந்தது.

மாஸ்கோவினது நிமிர்ந்து நிற்கிறது. ஸ்டாலின் காலத்தில், 1949 முதல் 1953 வரை, குன்றின் மேல் எழுந்த 240 மீட்டர் கோபுரம். 1990 வரை ஐரோப்பாவில் அதைவிட உயரமான கட்டடம் இல்லை. அதைக் கட்டியவர்களில் கைதிகளும் உண்டு. மாணவர் விடுதியும் அதற்குள்ளேயே.

அதிகாரத்தில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. 2009 சட்டம் இரண்டுக்கும் தனித்தகுதி தந்தது. தங்கள் சொந்த வடிவிலேயே பட்டச் சான்றிதழ் வழங்கலாம், துணைவேந்தரை நியமிப்பவர் அதிபர்.

அப்புறம், தமிழ். மாஸ்கோவில் சங்க இலக்கிய ஆய்வாளர் அலெக்சாந்தர் துப்யான்ஸ்கி 2020-ல் கொரோனாவில் மறையும்வரை தமிழ் கற்பித்தார். அவருக்கு முன்பே, பீட்டர்ஸ்பர்க் லெனின்கிராடாக இருந்தபோது, செம்யோன் ரூதின் அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்தார். தனக்குச் செம்பியன் என்று பெயரும் வைத்துக்கொண்டார்.