பருத்த சுண்டெலியில் ஈறுநோய் ஆய்வு: ஊசி மயக்கமா, வாயு மயக்கமா?

ஈறுநோயை வரவழைக்க மேல்தாடை இரண்டாம் கடைவாய்ப்பல்லில் 5-0 அளவுப் பட்டு நூல் கட்டும் நேரத்துக்குத்தான் இந்தக் கேள்வி.

சர்க்கரை: கெட்டமின்–சைலசின் ஊசியில் சைலசின் இன்சுலின் சுரப்பை அடக்கி இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். அன்றைக்கே குளுக்கோஸ் அளந்தால், ஏறியது எலியைப் பருக்க வைத்த தீனியாலா மருந்தாலா என்று பிரிக்க முடியாது. மயக்க வாயுவான ஐசோஃப்ளுரேனும் ஏற்றும், பொதுவாகக் குறைவு.

அளவு: கிலோவுக்கு 100 மி.கி. கெட்டமின், 10 மி.கி. சைலசின் என்று 50 கிராம் எலியின் முழு எடைக்கும் போட்டால் மூச்சு தளரும், உடல் குளிரும், விழிப்பு இழுக்கும். வாயுவை 3–4 சதவீதத்தில் தொடங்கி 1.5–2-க்கு இறக்கலாம், நிறுத்தினால் சில நிமிடங்களில் எழும்.

வாய்: இங்கே ஊசிதான் வசதி. வாயுவுக்கு மூக்கை மட்டும் மூடும் சிறு கூம்பு வேண்டும். கசிந்தால் நமக்கும் தலைவலி.

சர்க்கரை அளவீடு உண்டென்றால் வாயு. பல்லைச் சுற்றிய எலும்புத் தேய்வை மட்டும் அளப்பதென்றால் ஊசி போதும். வெப்பமெத்தை, கண் களிம்பு கட்டாயம். ஒப்பிட வைக்கும் ஒல்லி எலிகளுக்கும் அதே மயக்கமே.